ஓட்டை எலும்பும் வழி மாறிய தமனியும்

மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த முதல் வாரம் விடுதியில் மூத்த மாணவர் ஒருவரிடம் எலும்புப் பெட்டி ஒன்றை விலைக்கு வாங்கினேன். பாதி உடம்புக்கான எலும்புகள். ஒரு கை, ஒரு கால், கொஞ்சம் முள்ளெலும்புகள், ஒரு மண்டையோடு. இரவு அறையில் ஒவ்வொன்றாக எடுத்துப் புத்தகப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது மேற்கை எலும்பு மட்டும் ஒத்துவரவில்லை. அதன் கீழ்முனையில், முழங்கை மூட்டுக்குச் சற்று மேலே, ஒரு பட்டாணி நுழையும் அளவுக்கு ஓட்டை. விளக்குக்கு நேராகப் பிடித்தால் வெளிச்சம் மறுபக்கம் வந்தது. படத்தில் அப்படி எதுவும் இல்லை. ஏமாந்துவிட்டோம் என்று மறுநாள் காலையில் எடுத்துக்கொண்டு ஓடினேன்.

"அண்ணா, இது உடைந்த எலும்பு. வேறு கொடுங்கள்."

அவர் விரல் நுனியால் ஓட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு என்னையும் தடவிப் பார்க்கச் சொன்னார். வழவழவென்று இருந்தது. "உடைந்திருந்தால் கீறும். இது பிறத்தியார் போட்ட ஓட்டை இல்லை தம்பி, அந்த ஆளுக்கே இருந்தது" என்றார்.

மேற்கை எலும்பின் கீழ்முனையில் முன்பக்கம் ஒரு குழி, பின்பக்கம் ஒரு குழி. கையை மடக்கும்போது முன்கை எலும்பின் ஒரு முனை முன்குழியில் உட்காரும். நீட்டும்போது முழங்கையின் முட்டி பின்குழியில் உட்காரும். இரண்டு குழிகளுக்கும் நடுவே இருப்பது அப்பளம்போல மெல்லிய எலும்புத் தகடு. சிலருக்கு அந்தத் தகடு கரைந்து ஓட்டையாகிவிடுகிறது. இந்திய எலும்புகளில் இது அரிதே அல்ல. இங்குள்ள கல்லூரிகளில் எண்ணிப் பார்த்தவர்கள் பலரும் ஏறக்குறைய நான்கில் ஒன்றில் கண்டிருக்கிறார்கள். பெண்களுக்கும் இடது கைக்கும் சற்று அதிகம். அந்த ஓட்டையால் யாருக்கும் கை வலித்ததில்லை. பாரம் தூக்க முடியாமல் போனதில்லை. இருப்பது தெரியாமலேயே வாழ்ந்து முடித்துவிடுகிறார்கள்.

ஆனால் அந்தக் கை ஒரு நாள் உடைந்தால் கதை வேறு. ஓட்டை உள்ள எலும்பில் உள்ளே மச்சை இருக்கும் குழல் கீழ்ப்பகுதியில் குறுகலாக இருப்பது வழக்கம். எலும்பு முறிவைச் சேர்க்கக் கீழேயிருந்து மேலாக உலோகக் கம்பி ஏற்ற நினைக்கும் மருத்துவர் முன்பே எக்ஸ்ரேயைக் கவனித்திருந்தால் மெல்லிய கம்பியைத் தேர்ந்தெடுப்பார், அல்லது மேலேயிருந்து இறக்குவார். கவனிக்காவிட்டால் அறுவை மேசையில் வியர்ப்பார். அதே எக்ஸ்ரேயில் கறுப்பு வட்டமாகத் தெரியும் அந்த ஓட்டையைக் கட்டி அரித்த இடம் என்று தவறாகப் படித்தவர்களும் உண்டு.

இதைத்தான் உடற்கூறு மாறுபாடு என்கிறோம். நோய் அல்ல. பிறவிக் குறை என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் எந்த வேலையும் கெடவில்லை. பெரும்பாலோருக்கு ஒரு விதம், சிலருக்கு வேறு விதம், அவ்வளவுதான். பிறகு அதே பாடத்தைப் பல ஆண்டுகள் சொல்லிக்கொடுக்கும் வேலை எனக்கு வாய்த்தது. மாணவர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: மாறுபாடு அதை உடையவருக்குத் தொல்லை அல்ல, அவர் உடம்பில் கத்தியோ ஊசியோ வைப்பவருக்குத்தான்.

உங்கள் உடம்பிலேயே ஒன்றைப் பார்த்துவிடலாம். உள்ளங்கை மேலே தெரியும்படி கையை வையுங்கள். கட்டைவிரலையும் சுண்டுவிரலையும் நுனியோடு நுனி சேர்த்து, மணிக்கட்டைக் கொஞ்சம் உங்கள் பக்கமாக மடக்குங்கள். மணிக்கட்டின் நடுவே ஒரு நாண் கயிறுபோலப் புடைத்து நிற்கிறதா? நின்றால் அந்தத் தசை உங்களுக்கு இருக்கிறது. நிற்காவிட்டால் இல்லாமலிருக்கலாம், ஒரு கையில் இருந்து மறு கையில் இல்லாமலும் இருக்கலாம். இல்லாதவர்களின் கைப்பிடி வலிமையில் எந்தக் குறைவும் தெரிவதில்லை. அதனால்தான் ஏதாவது ஒரு விரலின் நாண் அறுந்துபோனால், கை அறுவை மருத்துவர்கள் இந்த நாணை எடுத்து அங்கே ஒட்டுப்போடுகிறார்கள். எடுப்பதற்கு முன் செய்யும் சோதனையும் நீங்கள் இப்போது செய்ததுதான்.

ஏன் ஒருவரைப்போல ஒருவர் இல்லை? எலும்பை விடத் தமனிகளில்தான் இதற்கான விடை தெளிவாகத் தெரியும். இதயத்திலிருந்து இரத்தத்தைக் கொண்டுபோகும் குழாய்களைத் தமனி என்கிறோம். இவை முதலில் வரைபடம் போட்டு, பிறகு அதன்படி கட்டப்பட்டவை அல்ல. கருவில் முதலில் உருவாவது வலைபோலப் பின்னிய நுண்குழாய்கள். அவற்றில் எந்த வழியாக இரத்தம் அதிகம் ஓடுகிறதோ அது அகன்று தமனியாகிறது, மற்றவை சுருங்கி மறைகின்றன. ஆட்கள் நடந்து நடந்து விழுகிற ஒற்றையடிப் பாதைபோல. பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் பாதை விழும். சில வேளை பக்கத்துப் பாதை நிலைத்துவிடும், சில வேளை இரண்டுமே.

சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அது உருவாவது இப்போது இருக்கும் இடத்தில் அல்ல, இடுப்புக் குழிக்குள். கருவின் ஆறாவது வாரத்திலிருந்து ஒன்பதாவது வாரத்துக்குள் மெல்ல மேலே ஏறி, விலா எலும்புகளுக்கு அடியில் வந்து சேருகிறது. ஏறும் வழியெல்லாம் பக்கத்தில் கிடைத்த பெரிய தமனியிலிருந்து இரத்தம் வாங்கிக்கொள்கிறது. மேலே ஒரு படி ஏறியதும் புதிய கிளை, கீழே இருந்த பழைய கிளை அழிந்துபோகிறது. ஏணியில் ஏறுபவர் கீழ்ப்படியை விட்டுவிட்டு மேற்படியைப் பிடிப்பதுபோல. பழைய கிளை ஒன்று அழியாமல் தங்கிவிட்டால் ஒரே சிறுநீரகத்துக்கு இரண்டு தமனிகள், மூன்றுகூட. நூற்றுக்கு இருபத்தைந்து முதல் முப்பது பேருக்கு ஏதாவது ஒரு பக்கம் இப்படி இருக்கிறது. சிலருக்குக் கருவிலேயே இரண்டு சிறுநீரகங்களின் கீழ்முனைகளும் ஒட்டிக்கொண்டு குதிரை லாடம்போல ஆகிவிடும். அந்த லாடம் மேலே ஏறும்போது குடலுக்குப் போகும் ஒரு தமனி குறுக்கே நிற்கும். அதில் இடித்துக்கொண்டு பாதி வழியிலேயே நின்றுவிடும்.

சிறுநீரகத்துக்கு இரண்டு தமனி இருந்தால் என்ன நட்டம்? சிறுநீரகம் தரும் நன்கொடையாளருக்கு எதுவுமில்லை. எடுத்துப் பொருத்தும் மருத்துவருக்குத்தான் கணக்கு மாறுகிறது. சிறுநீரகத் தமனிகளின் கிளைகள் ஒன்றோடொன்று கைகோப்பதில்லை. ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு பாகத்தை மட்டும் ஊட்டுகிறது. சிறிய கிளைதானே என்று ஒன்றைக் கட்டிவிட்டால் அது ஊட்டிய துண்டு செத்துவிடும். கீழ்முனைக்குப் போகும் சிறு தமனி இன்னும் வம்பானது. அதுதான் பெரும்பாலும் சிறுநீரை இறக்கும் குழாயின் மேற்பகுதிக்கும் இரத்தம் தருகிறது. அதை இழந்தால் பொருத்திய சில நாட்களில் குழாய் அழுகிச் சிறுநீர் கசியும்.

ஆகவே உயிரோடிருக்கும் ஒருவர் சிறுநீரகம் தரும்போது, அதற்கு முன் சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து இரண்டு பக்கமும் எத்தனை தமனிகள் என்று எண்ணுகிறார்கள். பொதுவாக இடது சிறுநீரகத்தைத்தான் விரும்புவார்கள், அதன் சிரை, அதாவது இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய், நீளமானது, தைக்க வசதி. ஆனால் இடது பக்கம் மூன்று தமனி, வலது பக்கம் ஒன்று என்றால் வலதை எடுக்கும் முடிவுக்கும் வருவார்கள். இரண்டு தமனி உள்ள சிறுநீரகமே கிடைத்தால், எடுத்ததும் பனிக்கட்டி நிறைந்த கிண்ணத்தில் வைத்து, பக்கத்து மேசையில் இரண்டு தமனிகளின் வாய்களையும் ஒன்றாகச் சேர்த்துத் தைப்பார்கள், கால்சட்டையின் இரண்டு கால்கள் இடுப்பில் ஒன்றாவதுபோல. பிறகு அந்த ஒரே வாயைப் பெறுபவரின் தமனியோடு இணைப்பார்கள். தலைமயிர்போல மெல்லிய நூல், கண்ணில் உருப்பெருக்கிக் கண்ணாடி. ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'கூடுதல் சிறுநீரகத் தமனி' என்று வரும் மூன்று சொற்களுக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது.

பித்தப்பைக்கு வருகிறேன். என் கணக்கில் மாறுபாடு என்பதன் முழுப் பொருளையும் கற்றுக்கொடுக்கும் இடம் இதுதான். பித்தப்பைக் கல்லுக்காகப் பித்தப்பையை எடுக்கும் அறுவை இன்று ஊர் மருத்துவமனைகளில்கூட லேப்ராஸ்கோபி மூலம், அதாவது சிறு துளை வழியே கேமராவை விட்டுத் திரையில் பார்த்தபடி, நடக்கிறது. மறுநாளே வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். செய்ய வேண்டியது கேட்க எளிது. பித்தப்பையிலிருந்து வரும் குழாய்க்கு ஒரு கிளிப், பைக்கு இரத்தம் தரும் தமனிக்கு ஒரு கிளிப், இரண்டையும் வெட்டு, பையை எடு. இரண்டும் ஒரு சிறிய முக்கோணத்துக்குள் இருக்கின்றன. பிரெஞ்சு மருத்துவர் கலோ 1891இல் விவரித்ததால் அதற்கு கலோ முக்கோணம் என்று பெயர்.

புத்தகப் படத்தில் அந்த முக்கோணம் கோலம்போட்டதுபோல இருக்கும். கல்லீரலின் வலது தமனி பின்னால் போகும், அதிலிருந்து பித்தப்பைத் தமனி அழகாகக் கிளைக்கும். நிஜத்தில்? பிலடெல்பியாவில் மிக்கெல்ஸ் என்ற உடற்கூறியலாளர் 200 உடல்களை அறுத்து ஆராய்ந்து, கல்லீரல் தமனிகளைப் பத்து வகையாகப் பிரித்தார். அவர் எண்ணிக்கையில் புத்தகப் படத்தோடு ஒத்துப்போனவை 55 விழுக்காடுதான். ஸ்கேன் வந்த பிறகு எண்ணியவர்களுக்கு அந்த எண் முக்கால்வாசி அளவுக்கு உயர்ந்தது. எப்படிப் பார்த்தாலும் நான்கு பேரில் ஒருவருக்குப் படம் பொய். நாம் 'இயல்பு' என்று சொல்லிக்கொள்வது தேர்தலில் அதிக ஓட்டு வாங்கிய வேட்பாளரைப் போன்றது, மற்றவர்களும் நின்றவர்கள்தான்.

சிலருக்குக் கல்லீரலின் வலது தமனி, வழக்கமான இடத்திலிருந்து வராமல் குடலுக்குப் போகும் பெரிய தமனியிலிருந்து கிளம்பி, அந்த முக்கோணத்தின் நடுவாகவே ஏறுகிறது. வேறு சிலருக்கு அது கம்பளிப்பூச்சி முதுகைத் தூக்கியதுபோல வளைந்து, பித்தப்பையைத் தொட்டுக்கொண்டு நிற்கும். பித்தப்பைத் தமனி அந்த முதுகின் உச்சியிலிருந்து கட்டையாக, சில மில்லிமீட்டர் நீளத்தில் வரும். திரையில் பார்ப்பவருக்கு வளைவுதான் கண்ணில் படுகிறது. இதுதான் பித்தப்பைத் தமனி என்று கிளிப் போட்டால் கல்லீரலின் வலது பாதிக்குப் போகும் தமனி அடைபட்டது. கல்லீரல் பெரும்பாலும் பிழைத்துவிடும், ஏனென்றால் அதற்கு வரும் இரத்தத்தில் முக்கால் பங்கு குடலிலிருந்து வரும் சிரை வழியாக வருகிறது. ஆனால் பித்தநாளங்களுக்கு இரத்தம் தருவது தமனி மட்டுமே. அந்த நாளங்கள் மெல்லச் சுருங்கும், மாதங்கள் கழித்து மஞ்சள் காமாலை தலைகாட்டும்.

இதற்கு என்ன வழி? எல்லா மாறுபாடுகளையும் மனப்பாடம் செய்வதா? ஒருவராலும் முடியாது. 1995இல் அமெரிக்காவில் பணியாற்றிய ஸ்ட்ராஸ்பெர்க் என்ற மருத்துவர் ஒரு விதியைப் பிரபலப்படுத்தினார். முக்கோணத்திலுள்ள கொழுப்பையும் நாரையும் முழுக்க நீக்கு. பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கைக் கல்லீரலிலிருந்து பிரித்தெடு. அதன் பிறகு பித்தப்பைக்குள் இரண்டே இரண்டு குழாய்கள் நுழைவதைக் கண்ணால் பார். பார்த்த பிறகே கிளிப். இந்த விதியின் அழகு என்னவென்றால், அது மாறுபாட்டின் பெயரைக் கேட்பதில்லை. எது எங்கிருந்து வந்தாலும் சரி, பைக்குள் போகிறதா இல்லையா என்ற ஒரே கேள்வி. வளைந்து வந்த கல்லீரல் தமனி பைக்குள் நுழையாமல் தாண்டிப் போவது அப்போது தெரிந்துவிடும்.

மற்ற இடங்களைக் கொஞ்சம் வேகமாகப் பார்த்துவிடுவோம். வலது கைக்குப் போகும் தமனி நூறு பேரில் ஒருவருக்கு, பெருந்தமனியின் இடப்பக்கக் கடைசியில் கிளம்பி, உணவுக்குழாயின் பின்புறமாக வலப்பக்கம் வருகிறது. அது உணவுக்குழாயை அழுத்தி விழுங்குவதைக் கடினமாக்கும் என்று பேஃபோர்ட் என்ற ஆங்கில மருத்துவர் 1794இல் எழுதினார். இயற்கையின் விளையாட்டு என்ற பொருள்படும் லத்தீன் பெயர் ஒன்றையும் வைத்தார். பெரும்பாலானவர்களுக்கு விழுங்குவதில் எந்தத் தொல்லையும் இருப்பதில்லை. ஆனால் அந்தத் தமனி இடம் மாறினால் வலது பக்கத்துக் குரல் நரம்பும் இடம் மாறும். வழக்கமாக அது மார்புவரை இறங்கித் தமனியைச் சுற்றிக்கொண்டு மேலே வரும். சுற்ற வேண்டிய தமனி அங்கே இல்லாததால் கழுத்திலேயே குறுக்காக வந்துவிடுகிறது. தைராய்டு அறுவையில் அதை வெறும் நாரென்று வெட்டினால் குரல் போயிற்று. தமனியின் மாறுபாட்டுக்கு நரம்பு விலை கொடுக்கும் விசித்திரம் இது.

இடுப்பெலும்பின் முன்விளிம்பின் மேலே குறுக்காக ஓடும் ஓர் இணைப்பு இரத்தக் குழாய்க்கு லத்தீனில் 'மரண மகுடம்' என்று பெயர். குடலிறக்க அறுவையிலும் இடுப்பு எலும்பு முறிவு அறுவையிலும் தெரியாமல் வெட்டினால், வெட்டுப்பட்ட முனை உள்ளே சுருங்கி ஒளிந்துகொள்ளும், பிடிப்பது பெரும்பாடு. பெயர் வைத்தவருக்கு நாடக ஆர்வம் கொஞ்சம் அதிகம் என்றாலும், குடலிறக்கத்தை மூட வைக்கும் வலையைப் பொருத்தும் ஆணியை அந்த இடத்தில் அடிக்கும் முன் ஒருமுறை உற்றுப் பார்ப்பதற்கு அந்தப் பெயர் உதவுகிறது.

மணிக்கட்டு வழியாக இதய ஆஞ்சியோகிராம் செய்யும்போது கம்பி பாதியில் முட்டி நிற்கும் அனுபவம் இதய மருத்துவர் எல்லோருக்கும் உண்டு. முன்கைத் தமனி வளையம்போட்டுத் திரும்பியிருக்கும், அல்லது அக்குள் அருகிலிருந்தே மெல்லியதாகக் கிளம்பியிருக்கும். அடம்பிடித்துத் தள்ளாமல் மறு கைக்கோ தொடைக்கோ மாறுவார்கள். முழங்கை மடிப்பில் தோலுக்கு மிக அருகில் ஓடும் தமனியும் சிலருக்கு உண்டு. சிரை என்று நினைத்து அதில் மருந்து ஏற்றிவிட்டால் விரல்கள் கறுத்துப்போகும் ஆபத்து. அனுபவமுள்ள செவிலியர்கள் ஊசிக்கு முன் விரலை வைத்துத் துடிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் இதற்குத்தான்.

முன்கையின் நடுவே ஒரு தமனி கருவில் உண்டாகி எட்டாவது வாரத்தில் மறைந்துவிட வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2020இல் வெளியான ஓர் ஆய்வு, அது மறையாமல் தங்குபவர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பத்தில் ஒருவராக இருந்தார்கள், இப்போது பத்தில் மூன்று பேர் என்றது. மனித உடல் நம் கண்முன்னே மாறுகிறது என்று செய்தித்தாள்கள் கொண்டாடின. வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எண்ணியதை அப்படியே ஒப்பிட எனக்குத் தயக்கம் உண்டு. ஆனால் மணிக்கட்டு நரம்பை விடுவிக்கும் அறுவையில் அந்தத் தமனி இருக்கலாம் என்று எதிர்பார்த்துப் போவது நல்லது.

எலும்புக்குத் திரும்புவோம். நெஞ்செலும்பின் கீழ்ப்பகுதியில் நூற்றில் ஐந்து பேர் அளவில் ஓர் ஓட்டை இருக்கிறது. அதன் நேர் பின்னே இதயம். நார்வேயில் அக்குபங்சர் ஊசி அந்த ஓட்டை வழியே போய் ஒருவர் இறந்தது 1995இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. நெஞ்செலும்பில் மச்சை எடுப்பவர்கள் மேற்பகுதியைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். கழுத்தின் கடைசி முள்ளெலும்பிலிருந்து ஒரு கூடுதல் விலா எலும்பு முளைப்பதும் உண்டு. பெரும்பாலோருக்கு அது ஒன்றும் செய்யாது, சிலருக்குக் கைக்குப் போகும் தமனியையும் நரம்பையும் அழுத்தி விரல்களை மரக்கச் செய்யும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குச் சுவையானது எண்ணிக்கைப் பிழை. இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள், அவற்றுக்குக் கீழே ஒன்றாக இணைந்த திரிக எலும்பு. ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இந்த எல்லை குழம்பியிருக்கும். ஐந்தாவது முள்ளெலும்பு திரிக எலும்போடு ஒட்டிக்கொண்டது என்று வையுங்கள். தனியாக அசைவது நான்குதான். ஸ்கேன் மருத்துவர் கழுத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்து, நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே வட்டு பிதுங்கியிருக்கிறது என்று எழுதுகிறார். அறுவை அரங்கில் எக்ஸ்ரேயில் தெரிவது கீழ்ப்பகுதி மட்டும். அங்கே கீழிருந்து எண்ணுகிறார்கள். அசையும் கடைசி வட்டை 'ஐந்தாவதுக்குக் கீழே' என்று வைத்துக்கொண்டு, அதற்கு ஒரு படி மேலே போகிறார்கள். போய்ச் சேர்ந்தது மூன்றாவதுக்கும் நான்காவதுக்கும் நடுவே. பிதுங்காத வட்டு. ஒரே எலும்புக்கு இரண்டு பேர் இரண்டு எண் கொடுத்துவிட்டார்கள், இருவரும் எண்ணியது சரிதான். அதனால் கவனமான அறுவை மருத்துவர் ரிப்போர்ட்டை மட்டும் நம்பாமல் படத்தையே கையில் வைத்துக்கொண்டு, எந்த அடையாளத்திலிருந்து எண்ணினார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்வார்.

எங்கள் தெருவில் ஓர் அம்மா முதுகுவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுத்து, அந்த ரிப்போர்ட்டோடு கண்கலங்கி வந்தார். "எலும்பு ஒட்டிப்போயிருக்கிறதாம் சார், இனிமேல் நடக்க முடியுமா?" அவர் நடந்துதான் என் வீட்டு மாடிப்படி ஏறி வந்திருந்தார். ஒட்டியது அவர் பிறப்பதற்கு முன்பே தொடங்கியது என்று விளக்கினேன். வலிக்குக் காரணம் வேறாகவும் இருக்கலாம், அதுவாகவும் இருக்கலாம், எலும்பு மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும் என்றேன். ரிப்போர்ட்டைப் பத்திரமாக வைத்திருங்கள், என்றைக்காவது முதுகில் ஊசியோ அறுவையோ என்று வந்தால் முதலில் அந்த வரியைக் காட்டுங்கள் என்று பென்சிலால் கோடு போட்டுக் கொடுத்தேன். அவர் அதை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, இரண்டு படிகளாகத் தாண்டி இறங்கிப் போனார்.